தாயில்லாக் குஞ்சுகளைப் பழைய கோழிகளோடு சேர்த்த விதம்

தாய்க்கோழி அடைகாத்துப் பொரித்த குஞ்சுகள் என்றால் இப்படி ஒரு பதிவுக்கே வேலை இல்லை. 21 நாள் அடையிலிருந்து எழுந்த கோழி, ஓரிரு நாளிலேயே குஞ்சுகளை முற்றத்துக்குக் கூட்டி வந்துவிடும். கழுத்து மயிரைச் சிலிர்த்து, இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு அது ஒரு சுற்று வந்தால் சேவலே விலகி நிற்கும். வேறொரு பெட்டை குஞ்சைக் கொத்த வந்தால் தாய் பாய்ந்து விரட்டும். இரண்டு மூன்று முறை அப்படி வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு எந்தப் பெட்டையும் அந்தப் பக்கம் போகாது.

எங்களுக்கு வந்தவை அப்படிப்பட்ட குஞ்சுகள் அல்ல. பக்கத்து ஊரில் இன்குபேட்டர் வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் வாங்கிய 12 நாட்டுக் குஞ்சுகள். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வந்தன. அந்த நேரம் எங்கள் கோழிகளில் ஒன்றாவது அடையில் இருந்திருந்தால் ராத்திரியில் மெல்ல அதன் அடியில் தள்ளிவிட்டிருப்போம். குஞ்சு பொரித்து இரண்டு மூன்று நாளுக்குள் இருந்து, கோழியும் மூன்று வாரம் போல அடையில் இருந்திருந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஒன்றும் அடையில் இல்லை. ஆக, அம்மா இல்லாத 12 குஞ்சுகளை, ஏற்கெனவே ஆளுக்கொரு இடம் பிடித்து வைத்திருக்கும் 8 கோழிகளோடு சேர்க்க வேண்டும்.

வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவில். பின்பக்கம் ரப்பர், ஓரத்தில் நாலைந்து தென்னை, ஒரு கொல்லாமரம் (முந்திரி). பழைய கூட்டத்தில் ஒரு சேவல், நாலு நாட்டுப் பெட்டை, முட்டைக்கென்றே வளர்க்கும் பிவி 380 என்ற கலப்பினப் பெட்டை இரண்டு, கழுத்தில் முடியில்லாத ஒரு மொட்டைக்கழுத்துப் பெட்டை. நாட்டுப் பெட்டைகளில் ஒன்று சிறுவிடை. மற்ற மூன்றும் கொஞ்சம் பெரியவை. அதில் கறுப்பிதான் தலைவி. தீவனத் தட்டில் அவள் முதலில் வாய் வைப்பாள், மற்றவர்கள் அப்புறம்.

மாதம் பார்த்துத்தான் வாங்கினோம். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தொடங்கும் தென்மேற்கும் உண்டு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கும் உண்டு. இடையில் ஜனவரி முதல் மார்ச் வரைதான் தரை உருப்படியாகக் காய்ந்து கிடக்கும். கோழிக்குஞ்சுக்கு ஈரம்தான் முதல் எதிரி. அந்தக் காய்ந்த மாதங்களுக்குள் குஞ்சுகளை வளர்த்து, பெரியவற்றோடு சேர்த்தும் முடித்துவிட வேண்டும் என்று கணக்கு.

முதல் சில வாரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தகரத்தை வட்டமாக வளைத்து, மூலை இல்லாமல் ஒரு தடுப்பு. மூலை இருந்தால் குளிரில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அடியில் இருப்பது மூச்சுத் திணறிச் செத்துவிடும். கீழே உமி. அதன்மேல் முதல் மூன்று நாள் சாக்குத்துணி. வெறும் செய்தித்தாள் வழுக்கும், கால் விரிந்துபோகும். மேலே 60 வாட் பல்பு. முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு ஏறத்தாழ 3 டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்பது பொதுக் கணக்கு. நம் ஊர் வெயிலில் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு பகலில் பல்பே தேவைப்படவில்லை, ராத்திரிக்கு மட்டும் போதும். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சைப் பார்ப்பது நல்லது. பல்புக்கு அடியில் நெருங்கிக் கத்தினால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. பரவலாகப் படுத்துக் கிடந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

தடுப்பூசி விஷயத்தில் ஒன்று. வெள்ளைக் கழிச்சலுக்கான (கோழிக்கழிச்சல் என்பதும் இதுதான்) லசோட்டா சொட்டு மருந்து முதல் வாரக் கடைசியில் கண்ணிலோ மூக்கிலோ விட வேண்டும். அது நூறு கோழிக்குக் காணும் குப்பியாகத்தான் வரும். கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மீதியை வைத்துக்கொள்ள முடியாது. 12 குஞ்சுக்கு ஒரு குப்பி என்பது வீண். அதனால் குஞ்சு வைத்திருக்கும் அக்கம்பக்கத்து வீடுகளோடு பேசி, ஒரே நாளில் எல்லோருமாகப் போட்டுக்கொண்டோம். இரண்டாம் வாரம் கம்போரோ நோய்க்கான மருந்து, நாலாம் வாரம் மறுபடி லசோட்டா. எட்டு வாரம் ஆகும்போது அதே கழிச்சலுக்கு இறக்கையில் போடும் ஊசி. அந்த ஊசிக்கு நாங்கள் அலையவே இல்லை. பிப்ரவரியில் அரசு நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் சரியாக அந்த நேரத்தில் வந்தது. பெரிய கோழிகளுக்கும் சேர்த்துப் போட்டாயிற்று. இதை முடிக்காமல் இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக விடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

ஏனென்றால் பெரிய கோழி வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ரத்தக் கழிச்சல் கிருமி அதன் குடலில் இருக்கும், அதற்குப் பழகிப்போய் ஒன்றும் செய்யாது, எச்சத்தில் வெளியே வரும். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுக்கு அதே கிருமி ஆளையே கொன்றுவிடும். கால் முடங்கிப்போகும் மாரெக் நோயும் அப்படித்தான். பெரிய ஹேச்சரிகளில் குஞ்சு பொரித்த அன்றே அதற்குத் தடுப்பூசி போட்டு அனுப்புவார்கள். சிறிய இன்குபேட்டர் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் அது இருக்காது. அதனால் குஞ்சு கொஞ்சம் தேறும்வரை பெரியவற்றின் எச்சமும் இறகுத்தூசியும் படாமல் வைப்பது நல்லது. காலையில் முதலில் குஞ்சுகளுக்குத் தீவனம், தண்ணீர். அதன் பிறகுதான் பெரிய கூட்டுக்குள் போவேன். குஞ்சுப் பக்கத்துக்குத் தனியாக ஒரு ஜோடி செருப்பு. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டு போகட்டும்.

வலைத் தடுப்பு

பழைய வளைப்பு 12 அடிக்கு 10 அடி. பகலில் அடைத்து வைக்கும் இடத்தில் ஒரு பெரிய கோழிக்கு 8 முதல் 10 சதுர அடியாவது வேண்டும். உறங்கும் கூட்டில் 2 முதல் 3 சதுர அடி. 8 கோழிக்கு அந்த வளைப்பு போதும், 20 கோழிக்குப் பத்தாது. எனவே குஞ்சு வந்ததுமே வளைப்பை ஒரு பக்கம் 8 அடி நீட்டினோம். கமுகுத் தடி நட்டு, அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை (வெல்டு மெஷ்) அடித்தது. கோழிவலை என்று கடையில் கிடைக்கும் ஆறுகோணக் கண் வலை விலை குறைவுதான். ஆனால் அதன் வழியாகப் பெரிய கோழி தலையை நீட்டிக் குஞ்சைக் கொத்தும், ராத்திரியில் கீரியும் மரநாயும் கடித்துப் பிய்த்துவிடும். மெஷ்ஷை மண்ணுக்குள் ஓர் அடி இறக்கினோம். மேலே மூட குளச்சலில் இருந்து பழைய மீன் வலை. வல்லூறுக்கும் காக்கைக்கும் இதைவிட மலிவான காவல் கிடையாது. தொங்கலாகக் கட்டினால் கோழி பறந்து ஏறும்போது கால் மாட்டிக்கொள்ளும் என்பதால் இழுத்து விறைப்பாகக் கட்ட வேண்டும்.

நீட்டிய பகுதியும் பழைய பகுதியும் சேரும் இடத்தில் குறுக்கே மெஷ் தடுப்பு. குஞ்சுகள் ஆறாம் வாரம் இங்கே குடிவந்தன. உடம்பில் இறகு முழுக்க முளைத்திருந்தது, ராத்திரிக்கும் பல்பு வேண்டாம் என்ற நிலை. நீட்டிய பகுதி பழைய கோழிகள் கால் வைக்காத புது இடம். இது முக்கியம் என்று இப்போது தோன்றுகிறது. பழைய இடத்தில் ஒரு மூலையை வளைத்துக் குஞ்சை விட்டிருந்தால், தங்கள் இடத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று அவை நினைத்திருக்கும். கோழி அப்படியெல்லாம் நினைக்குமா என்று கேட்டால், கறுப்பியைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

முதல் நாள் கறுப்பி மெஷ் அருகில் வந்து நின்று கழுத்தைச் சிலிர்த்தாள். ஒரு குஞ்சு வேடிக்கை பார்க்க வந்தது. மெஷ்ஷில் ஓங்கி ஒரு கொத்து. குஞ்சு ஆறடி தள்ளிப்போய் நின்றது. இரண்டு பிவி 380-உம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. அவற்றுக்குத் தீவனம் தவிர உலகத்தில் எதிலும் ஆர்வம் கிடையாது.

மெஷ்ஷின் இந்தப் பக்கம் குஞ்சுகளின் தீவனத் தட்டு, அந்தப் பக்கம் பெரியவற்றின் தட்டு. தொடக்கத்தில் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டு வைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மெஷ்ஷை நோக்கி நகர்த்தினேன். இரண்டாவது வாரம் இரண்டு தட்டும் மெஷ்ஷை ஒட்டியே வந்துவிட்டன. எதிரும் புதிருமாக நின்று தின்றார்கள், நடுவில் கம்பி மட்டும். கொத்து அடியோடு நிற்கவில்லை. ஆனால் கொத்துவதைவிடத் தின்பதில் கவனம் போயிற்று.

இந்த இடத்தில் மாமிக்கும் எனக்கும் ஒரு விவாதம். மாமி சின்ன வயதிலிருந்து கோழி வளர்ப்பவர்.

“இவ்வளவு பாடு எதுக்கு மக்ளே? ராத்திரி இருட்டினதும் கம்புல ஏத்தி வச்சா போதும். காலைல பாத்தா எல்லாம் ஒண்ணாத்தான் நிக்கும். கோழிக்கு ராத்திரி கண்ணு தெரியாதுல்லா?”

தெரியாதுதான். இருட்டில் கோழி அசையாது, பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் சண்டைக்குப் போகாது. பெரிய விடைக்கோழி, அதாவது வளர்ந்த இளம் பெட்டை, ஒன்றிரண்டைப் புதிதாகச் சேர்க்கும்போது மாமி அப்படித்தான் செய்வார், பெரும்பாலும் சரியாக வந்திருக்கிறது. ஆனால் எட்டு வாரக் குஞ்சு விடைக்கோழி இல்லையே. விடியற்காலையில் கூடு திறக்கும் முன்பே வெளிச்சம் வந்துவிடும். ஓட இடமில்லாத 6 அடிக் கூட்டுக்குள் 8 பெரிய கோழியும் முழித்துக்கொண்டு யாரடா இவன் என்று பார்த்தால் குஞ்சு எங்கே போகும்? மாமி கொஞ்ச நேரம் யோசித்தார். “அதுவும் உள்ளதுதான்” என்றார். ராத்திரி முறையைக் கடைசிக் கட்டத்துக்கு ஒதுக்கி வைத்தோம். அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

குஞ்சு மட்டும் நுழையும் வாசல்

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கோழிக்கு நல்ல புத்தி வரவழைக்க முடியாது. கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை இருக்கிறது. அதை 1920-களின் தொடக்கத்தில் முதன்முதலாக ஆராய்ந்து எழுதியவர் ஷெல்டெருப்-எப்பே என்ற நார்வேக்காரர். சின்னப் பையனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளைக் கவனித்துக் குறித்து வைத்தவராம். புதிதாக ஒரு கோழி வந்தால் அந்த வரிசையில் அதற்கு ஓர் இடம் முடிவாகும்வரை கொத்து இருக்கும். அதை நாம் தடுக்க முடியாது. நம்மால் ஆனது, கொத்து விழும்போது குஞ்சு ஓடிப்போக ஓர் இடமும், அங்கே பயமில்லாமல் தின்னத் தீவனமும் வைப்பது.

குறுக்குத் தடுப்பின் அடியில் மெஷ்ஷை வெட்டி, சுற்றிலும் பலகை அடித்து வாசல் வைத்தோம். அகலம் 4 அங்குலம், உயரம் 6 அங்குலம். மெஷ்ஷின் வெட்டு முனைகள் குத்தாமல் இருக்கத்தான் பலகை. அகலத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சறுக்குப் பலகையும் உண்டு. வாசல் ஒன்று இல்லை, இரண்டு. தடுப்பின் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. ஒரே வாசல் என்றால் குண்டுப் பெட்டை ஒன்று அதன் முன்னால் போய் நின்றுகொள்ளும், வெளியே போன குஞ்சு திரும்பி வர முடியாது.

பழைய வளைப்பிலும் கொஞ்சம் வேலை செய்தோம். முட்டுச்சந்து மாதிரி இருந்த ஒரு மூலையில் கல்லை அடுக்கி வளைவாக்கினோம். பழைய கதவொன்றைச் சுவரில் சாய்த்து வைத்தோம், இரண்டு பக்கமும் திறப்பு இருக்கும்படி. கொல்லாமரக் கொம்புகளைக் கழித்து இலையோடு ஓரிடத்தில் குவித்தோம். துரத்திவரும் கோழி தன் கண்ணிலிருந்து குஞ்சு மறைந்துவிட்டால் சட்டென்று மறந்துவிடுகிறது. அதுவரை கொலைவெறியோடு வந்ததே, அடுத்த நொடி தரையைக் கிளறிக்கொண்டு நிற்கும்.

தீவனம், தண்ணீர் எல்லாம் இரண்டிரண்டு இடத்தில். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெரியக்கூடாது.

வாசலைத் திறந்தது மார்ச் தொடக்கத்தில், ஒரு மத்தியானம். பெரிய கோழிகளை வழக்கம்போல 3 மணிக்கு விளைக்குள் மேய விட்டுவிட்டு, ஆளில்லாத பழைய வளைப்பைக் குஞ்சுகளுக்குக் காட்டினோம். கொஞ்ச நாள் அப்படியே. எந்த வழி எங்கே போகிறது, கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, வாசல் எங்கே என்பதெல்லாம் அவற்றுக்குப் பாடமாக வேண்டும். பயத்தில் ஓடும்போது வழி தேடக்கூடாது. அதன் பிறகுதான் பெரியவை உள்ளே இருக்கும்போது வாசலைத் திறந்தது.

அன்றைக்குக் கறையான் வைத்திருந்தேன். பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் ஓலைத்துண்டும் திணித்து, தண்ணீர் தெளித்து, கறையான் ஊரும் இடத்தில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் பானை நிறைய இருக்கும். ரப்பர் விளையில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஒரே இடத்தில் கொட்டாமல் நாலைந்து இடத்தில் உதறினேன். கறுப்பி ஓரிடத்தில், சேவல் ஓரிடத்தில், பிவி 380 இரண்டும் ஓரிடத்தில் என்று பிரிந்தார்கள். குஞ்சுகள் வாசல் வழியாக எட்டிப் பார்த்து, ஒன்று வந்து, இரண்டு வந்து, பிறகு எல்லாம் வந்தன. கூடவே முருங்கைக்கீரைக் கட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டேன். கீரை கொடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மரச்சீனி (மரவள்ளி) இலையும் கிழங்கின் பச்சைத் தோலும் நம் ஊரில் எல்லா வீட்டிலும் கிடைக்கும். அதில் சயனைடு விஷம் உண்டு, பச்சையாகக் கோழிக்குப் போடாதீர்கள்.

தலையில் ஒரு கொத்து, இரண்டு மூன்று அடி துரத்தல், அத்தோடு விட்டுவிடுதல். இதெல்லாம் சாதாரணம், நாம் தலையிட வேண்டாம். குஞ்சு கீச்சென்று கத்தும், நமக்குத்தான் மனது கேட்காது. வளைப்பு முழுக்கச் சுற்றிச் சுற்றித் துரத்துவது, மேலே ஏறி மிதித்துப் பிடறியைப் பிய்ப்பது, ரத்தம் வருவது, இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் உடனே போக வேண்டும். ரத்தம் என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக்கூடாது. சிவப்பைப் பார்த்தால் அதுவரை சும்மா நின்ற கோழியும் வந்து கொத்தும். கூடப்பிறந்த குஞ்சே கொத்தும். அடிபட்டதைத் தனியே எடுத்து, காயம் ஆறி நிறம் மறைந்த பிறகே திரும்ப விட வேண்டும். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசினோம். ஊதா நிறத்தில் வருமே, ஜென்ஷியன் வயலட், அதைத் தடவினால் சிவப்பும் தெரியாது.

கறுப்பியைத்தான் எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். அவள் ஆளுக்கொரு கொத்துக் கொடுத்துத் தான் யார் என்று காட்டிவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். வம்பு பண்ணியது மொட்டைக்கழுத்து. பழைய கூட்டத்தில் அதுதான் கடைசி ஆள், எல்லோரிடமும் கொத்து வாங்குவது. தனக்குக் கீழே ஆள் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் அதற்கு வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. குறிப்பாக ஒரு வெள்ளைக் குஞ்சை விடவே இல்லை, பிடறியைப் பிய்த்துவிட்டது. ஆபீசில் புது ஆள் வந்தால் மேலதிகாரியைவிட அதுவரை கடைசியாக இருந்தவர்தான் அதிகம் அதிகாரம் பண்ணுவார், அந்தக் கதைதான்.

அடிபட்ட குஞ்சைத்தான் பிரித்து வைக்கத் தோன்றும். காயத்துக்காக அதை எடுத்தோம், ஆனால் மொட்டைக்கழுத்தையும் எடுத்துப் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து வளைப்புக்கு வெளியே, எல்லோரும் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தோம். தீவனம், தண்ணீர், நிழல் எல்லாம் உண்டு, கூட்டம் மட்டும் இல்லை. நாலைந்து நாள் கழித்து உள்ளே விட்டபோது இப்போது அதுதான் புது ஆள். கறுப்பி இரண்டு போட்டாள், சிறுவிடை ஒன்று போட்டது. தன் பாட்டைப் பார்ப்பதற்கே அதற்கு நேரம் போதவில்லை. வெள்ளைக் குஞ்சும் காயம் ஆறித் திரும்ப வந்தது, அதன் பிறகு பெரிதாக ஒன்றும் இல்லை.

சேவல் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எங்கள் சேவல் குஞ்சுகளை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. இரண்டு பெட்டை சேர்ந்து துரத்தும்போது நடுவில் போய் நின்று கலைத்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன். எல்லாச் சேவலும் இப்படி இருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

சிறுவிடைதான் வேறு விதத்தில் படுத்தியது. உடம்பு சின்னதாக இருப்பதால் 4 அங்குல வாசலில் முதலில் தலை, பிறகு ஒரு தோள், பிறகு மறு தோள் என்று நெளிந்து நெளிந்து உள்ளே போய், குஞ்சுத் தீவனத்தைக் காலி பண்ணிவிட்டு அதே வழியாகத் திரும்பி வந்தது. சறுக்குப் பலகையை அரை அங்குலம் தள்ளிய பிறகுதான் நின்றது. குஞ்சு வளர வளர மறுபடியும் அகலப்படுத்த வேண்டியிருந்தது. பதினோராம் வாரத்தில் குஞ்சுக்கும் சிறுவிடைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அதற்கு மேல் அதைத் தடுப்பதில் அர்த்தமும் இல்லை.

தீவனம்

எல்லோரும் ஒன்றாகிவிட்டால் தீவனம்தான் தலைவலி. முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் இருக்கும். குஞ்சுக்கு வேண்டியது ஏறக்குறைய 1 சதவீதம். இன்னும் முட்டை போடாத, வளரும் உடம்புக்குள் அவ்வளவு சுண்ணாம்பு தொடர்ந்து போனால் சிறுநீரகம் கெட்டுவிடும். குஞ்சு பெரிய கோழியின் தட்டில் வாய் வைக்காமல் தடுக்க யாராலும் முடியாது. எனவே முட்டைக்கோழித் தீவனத்தையே நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் வளர்பருவத் தீவனம் ஒன்றே என்று ஆக்கினோம். பெரியவற்றின் முட்டை ஓட்டுக்குத் தனியாகச் சிப்பித்தூள். குளச்சல் பக்கம் சிப்பி ஓடு கிடைக்கும், கழுவிக் காயவைத்து இடித்துச் சிரட்டையில் போட்டு உயரமாகக் கட்டித் தொங்கவிட்டோம். முட்டை போடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே கொத்திக்கொள்ளும், குஞ்சு ஒன்றிரண்டு கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விடும். பிவி 380 முட்டைகளின் ஓட்டைத்தான் தினமும் தட்டிப் பார்த்தேன், மெலியவில்லை. சாயந்திரம் ஒரு பிடி குருணை, அது கூட்டுக்குத் திரும்பக் கூப்பிடுவதற்கு.

ராத்திரி

பகலில் ஒரு வளைப்புக்குள் நிம்மதியாகத் திரிந்தாலும் ராத்திரி குஞ்சுகள் தங்கள் பக்கத்துக்கே போய்க் கூடையில் ஒடுங்கின. பெரிய கூட்டுக்குள் மாற்ற மாமியின் முறையைத்தான் கையில் எடுத்தோம். குஞ்சு வந்தபோதே பழைய கூட்டோடு அதே அளவில் இன்னோர் அறையையும் ஒட்டிக் கட்டி, நடுச்சுவரைத் திறந்திருந்தோம். உட்காரும் கம்பு இரண்டு உயரத்தில். ஒரு பெரிய கோழிக்கு 8 முதல் 10 அங்குலம் என்று கணக்கு வைத்து, மேல்கம்பு பெரியவற்றுக்கு, கீழ்க்கம்பு குஞ்சுகளுக்கு. எப்படியும் மேல்கம்புக்கு அடிதடி இருக்கும், அதில் குஞ்சை இழுத்துவிடக் கூடாது. கீழ்க்கம்பு மேல்கம்புக்கு நேர் அடியில் இருந்தால் எச்சம் எல்லாம் தலையில் விழும், ஓர் அடி முன்னால் தள்ளியிருக்க வேண்டும்.

இருட்டிய பின் மாமியே ஒவ்வொரு குஞ்சாக எடுத்துக் கீழ்க்கம்பில் வைத்தார். பெரிய கோழிகளில் ஒன்று உறுமியது, அவ்வளவுதான். காலையில் கூடு திறக்கத் தாமதிக்கக்கூடாது என்பதால் ஒரு ஏற்பாடு. வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுக்காக 5 மணிக்கே எழுந்து போவார். போகிற போக்கில் கூட்டின் சின்னக் கதவை வளைப்புப் பக்கமாகத் திறந்துவிடுவார். வளைப்பு மூடியிருப்பதால் கீரி பயம் இல்லை, வெளிச்சம் வரும்போது குஞ்சுகள் இறங்கி வர வழி இருக்கும். ஒரு வாரத்துக்கு இப்படித் தூக்கி வைக்க வேண்டியிருந்தது, பிறகு தாமாகவே ஏறின. இரண்டு மட்டும் முட்டைப் பெட்டிக்குள் போய்ப் படுத்து அதில் எச்சமிட்டுவைத்தன. சாயந்திரம் பெட்டியின் வாயைப் பலகையால் அடைத்து, ராத்திரி எல்லாம் கம்பில் ஏறிய பின் எடுத்துவிட்டோம். சீக்கிரமே பழக்கம் மாறிவிட்டது. மாமி இப்போது பக்கத்து வீட்டில் எல்லாம், “ராத்திரி நான்தான் ஏத்தி வச்சேன்” என்று சொல்லிக்கொள்கிறார். சொல்லட்டும், பாதி உண்மைதானே.

ஏப்ரலில் கோடை மழை வந்தது. இரண்டு நாள் சாயந்திரம் அடித்த மழையில் வளைப்பின் தாழ்ந்த பக்கம் சேறாகிவிட்டது. அந்த வாரம் ஒரு குஞ்சு இறகை உப்பவைத்துக்கொண்டு நின்றது, எச்சத்தில் ரத்தம். எச்சத்தைப் பார்த்த கால்நடை மருத்துவர் ஆம்ப்ரோலியம் எழுதிக்கொடுத்தார், எல்லோருக்கும் குடிதண்ணீரில். நோய் வந்த குஞ்சு பிழைக்கவில்லை. மற்றதற்குப் பரவவில்லை. நனைந்த உமியை எல்லாம் வாரித் தென்னை மூட்டில் போட்டுவிட்டு, தாழ்ந்த பக்கத்தில் ஆற்றுமணலும் காய்ந்த தும்பும் கொட்டி மேடாக்கினோம், தண்ணீர் வெளியே போகச் சாலும் வெட்டினோம். தண்ணீர்ப் பாத்திரத்தைச் செங்கல் மேல் தூக்கி வைத்தோம். சிந்தும் தண்ணீர் பாதி ஈரத்துக்குக் காரணம். ஜூன் மழைக்கு முன்னால் மேல்வலையின் பாதிக்கு ஓலையும் வேய வேண்டும்.

குறுக்குத் தடுப்பை இன்னும் எடுக்கவில்லை, வாசல் இரண்டையும் முழு அகலத்துக்குத் திறந்துவிட்டிருக்கிறோம். அடுத்த முறை குஞ்சு வாங்கினால் பலகையைத் தள்ளினால் போதும். மிஞ்சிய 11-இல் நாலு சேவல் என்று இப்போது கொண்டையைப் பார்த்தே தெரிகிறது. எங்கள் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும், அது ஏற்கெனவே இருக்கிறது. பெரிய சேவல் அந்த நாலையும் இப்போதே முறைக்கத் தொடங்கிவிட்டது. ஒன்றை மைனி வளர்க்கக் கேட்டிருக்கிறார், மூன்றைத் திங்கள்சந்தைக்குக் கொண்டுபோகலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். பெட்டைகள் முட்டையிட இன்னும் சில மாதம் ஆகும். அவை முட்டை போடத் தொடங்கிய பின்தான் எல்லோருக்கும் மறுபடி முட்டைக்கோழித் தீவனம்.